தெருவும் நாற்சந்தியும்: தீயரணின் இரண்டாம், மூன்றாம் அடுக்கு இடைமுகங்கள்

திருவனந்தபுரம் நகரில் சாலைக் கடைவீதிக்கும் கிள்ளிப்பாலத்துக்கும் அருகே வலியசாலை என்னும் பகுதி உளது. அங்குள்ள அக்கிரகாரத்தில் ஒரு வீட்டின் பக்கச் சுவரே அடுத்த வீட்டின் பக்கச் சுவருமாக வீடுகள் வரிசையாக அமைந்துள்ளன. இத்தகைய தெருவில் செய்தி இரு விதமாகச் செல்லும். அதே தெருவில் இருப்பவருக்கு ஒன்று சொல்ல வேண்டுமானால், திண்ணையில் நின்று பெயர் சொல்லி அழைத்தாலே போதும். வேறு தெருவில் இருப்பவருக்கு ஒன்று அனுப்ப வேண்டுமானால், அது தெருமுனையைத் தாண்டி, நாற்சந்தியில் வழி பிரிந்து செல்ல வேண்டும். கணினிகளின் வலையமைப்பிலும் இவ்விரு வழிகளே உள்ளன. முதலாவது இரண்டாம் அடுக்கு. பின்னது மூன்றாம் அடுக்கு.

வலையமைப்பைக் காக்கும் உபகரணத்தை வியாபாரிகள் ஃபயர்வால் என்பர். தமிழில் தீயரண் என்று வழங்குகிறோம். இச்சொல் கணினித் துறையில் பிறந்ததன்று. அடுத்தடுத்து ஒட்டி நிற்கும் வீடுகளில் ஒன்றில் பற்றிய தீ, கூரை வழியே மற்றொன்றுக்குப் பரவாதிருக்கும் பொருட்டு இடையே எழுப்பப்படும் கனத்த சுவருக்கே மேல்நாட்டுக் கட்டடத் தொழிலில் இப்பெயர் முதலில் வழங்கியது. ஆனால் இன்று நாம் வாங்கும் தீயரணைப் பெரும்பாலும் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வைப்பதில்லை, தெருமுனையில் வைக்கிறோம். பெயரைக் கேட்டு, வீட்டுக்கு வீடு பாதுகாப்புக் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரி என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. அடுக்கு என்பது யாது?

கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வேலையை ஏழு அடுக்குகளாகப் பகுத்து, சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 1984-இல் ஒரு மாதிரியை வெளியிட்டது. அவற்றுள் இரண்டாவதும் மூன்றாவதுமே இங்கு நமக்கு வேண்டுவன.

ஒரு கடிதத்தை உதாரணமாகக் கொள்வோம். கடிதத்தின் தலைப்பில் எழுதியவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் உள்ளன. அக்கடிதத்தை ஓர் உறையிலிட்டு, உறையின் மேல் அடுத்தபடி அதனை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறோம். உள்ளிருக்கும் கடிதமே மூன்றாம் அடுக்கின் பாக்கெட். மேலுறையே இரண்டாம் அடுக்கின் ஃபிரேம்.

மேலுறையில் எழுதப்படும் அடையாளம் மேக் முகவரி எனப்படும். இது 48 பிட் நீளமுடையது. வலையட்டையைச் செய்யும் தொழிற்சாலையிலேயே சாதாரணமாகப் பொறிக்கப்படுவது. ஒருவருடைய முகத்தைப் போன்றது எனலாம். கடிதத்தில் எழுதப்படுவது ஐபி முகவரி. 1981-இல் வரையறுக்கப்பட்ட நான்காம் பதிப்பில் இது 32 பிட் நீளமுடையது. இடத்தைப் பொறுத்து நாம் அளிப்பது. இது வீட்டு விலாசத்தைப் போன்றது. ஆள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் விலாசம் மாறும், முகம் மாறாது.

2. அதே தெருவா, வேறு தெருவா?

ஒரு கணினி செய்தி அனுப்புமுன் தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறது: 'பெறுபவர் என் தெருவில் இருக்கிறாரா?' விடையைக் கண்டறிய உதவுவது மறைப்பு எண். 192.168.10.5 என்னும் முகவரியும் 255.255.255.0 என்னும் மறைப்பும் உடைய கணினிக்கு, முதல் மூன்று எண்களும் தன்னுடையனவாக உள்ள அனைவரும் அதே தெருவினர். 192.168.10.7 அண்டை வீடு, 192.168.20.7 வேறு தெரு.

அதே தெருவெனில், கணினி உரக்கக் கூவுகிறது: 'இங்கே 192.168.10.7 யார்?' 1982-இல் வகுக்கப்பட்ட ஆர்ப் என்னும் முறை இதுவே. உரியவர் தம் மேக் முகவரியைச் சொல்லி விடையளிப்பார். பின் உறை நேராக அவரிடம் போகும். நடுவே நிற்கும் ஸ்விட்ச், மேலுறையைப் பார்த்து உரிய துளையின் வழியே அதனை விடுவதோடு சரி; உள்ளிருக்கும் கடிதத்தை அது பிரிப்பதில்லை.

வேறு தெருவெனில், கணினி நாற்சந்தியில் நிற்பவரிடம் உறையை ஒப்படைக்கிறது. இவரே நுழைவாயில், ஆங்கிலத்தில் கேட்வே. கடிதத்தில் பெறுபவர் விலாசம் அப்படியே இருக்கும். மேலுறையில் மட்டும் நுழைவாயிலின் மேக் முகவரி எழுதப்பட்டிருக்கும்.

3. மூன்றாம் அடுக்கு இடைமுகம்

தீயரணில் கேபிளைச் செருகும் துளையையும், அத்துளை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்று நாம் வகுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்து இடைமுகம் என்கிறோம். ஒரு துளையை மூன்றாம் அடுக்கு இடைமுகமாக அமைத்தால், அதற்கு ஓர் ஐபி முகவரி அளிக்கிறோம். அதாவது, தீயரண் அத்தெருவின் நுழைவாயிலாகவே ஆகிறது. அதன் ஒவ்வொரு காலும் ஒவ்வொரு தெருவில் ஊன்றி நிற்கும்.

தன்னிடம் வந்த உறையை இத்தீயரண் கிழித்துக் கடிதத்தை எடுக்கிறது, விதிகளோடு ஒப்பிடுகிறது, வழிப் பட்டியலைப் பார்த்து எத்தெருவுக்கு அனுப்புவதென்று தீர்மானிக்கிறது. பின், புதிய உறையில் கடிதத்தை இட்டு, அனுப்புபவர் இடத்தில் தன் மேக் முகவரியை எழுதி விடுக்கிறது. அன்றியும், கடிதத்திலுள்ள ஆயுள் எண்ணை ஒன்று குறைக்கிறது. ஒவ்வொரு நாற்சந்தியிலும் ஒன்று குறைந்து பூஜ்யமானதும் கடிதம் அழிக்கப்படும். வழி தவறிய கடிதம் என்றென்றும் சுற்றிக்கொண்டிராமல் காப்பது இவ்வேற்பாடே.

உள்முகவரிகளை ஒரே வெளிமுகவரியாக மாற்றுதல், கிளை அலுவலகங்களை மறைவழியால் இணைத்தல் போன்ற பணிகளுக்கு மூன்றாம் அடுக்கு இடைமுகமே சாதாரணமாக உபயோகமாகும். ஆனால் ஏற்கெனவே இயங்கிவரும் வலையமைப்பில் இதனைப் புகுத்தினால் நுழைவாயில் மாறுகிறது. ஆகவே முகவரி ஏற்பாட்டையும் மாற்றியமைக்க நேரும்.

4. இரண்டாம் அடுக்கு இடைமுகம்

இங்குத் தீயரணின் துளைகளுக்கு ஐபி முகவரி இல்லை. தெருவின் நடுவே, ஒருவருடைய விலாசத்தையும் மாற்றாமல், ஒரு காவலாளி நிற்பதைப் போன்றது இது. இருபுறமும் உள்ளவர்கள் இன்னும் ஒரே தெருவினரே. எந்த மேக் முகவரி எந்தப் பக்கத்தில் உளது என்பதைக் காவலாளி பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு ஒரு பட்டியலில் வைத்துக்கொள்கிறான். கடந்து செல்லும் உறையை நிறுத்திச் சோதிக்கிறான்; அனுமதி உண்டெனில் அதே உறையை, அதே மேக் முகவரிகளோடு, மறுபுறம் விடுகிறான். ஆயுள் எண் குறைவதில்லை. இருபுறத்துக் கணினிகளுக்கும் நடுவே ஒருவன் நிற்பது தெரிவதில்லை. ஆகவே இதனை ஒளிபுகு முறை என்றும் கூறுவர்.

ஈண்டு ஒரு பிழையான கருத்தைக் களைதல் அவசியம். இரண்டாம் அடுக்கு இடைமுகமுடைய தீயரண் மேலுறையை மட்டுமே பார்க்கும், உள்ளிருக்கும் கடிதத்தைப் பார்க்காது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. அடுக்கு எண் குறிப்பது, உறையை முன்செலுத்தும் விதத்தை. சோதிக்கும் ஆழத்தை அன்று. இவ்வகைத் தீயரணும் ஐபி முகவரி, போர்ட் எண் ஆகியவற்றையும், தகுந்த திறனிருப்பின் செய்தியின் உட்பொருளையும் ஆராய வல்லது.

எனினும் இதற்குச் சில குறைகள் உண்டு. நிர்வகிப்பதற்கெனத் தனியே ஒரு முகவரி தரவேண்டும். ஆர்ப் கூவல்களையும், ஆறாம் பதிப்பு ஐபி செய்திகளையும் என்ன செய்வதென்று விதி எழுத மறந்தால், ஒன்று அவை சோதனையின்றிச் செல்லும். அல்லது நின்றுபோய் வலையமைப்பே முடங்கும். மின்சாரம் நின்றால் சில உபகரணங்கள் இரு கேபிள்களையும் தாமே இணைத்துப் போக்குவரத்தைத் தொடரவிடும். சில முற்றிலும் அடைத்துவிடும். முதல்வகையில் வேலை நடக்கும், காவல் இராது. இரண்டாவதில் காவல் உண்டு, வேலை நடவாது. வாங்கிய உபகரணம் எவ்வகை என்பதைக் களப்பணியாளர் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

5. 2017 மே மாதம் கற்பித்த பாடம்

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவத் தொடங்கியது. கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டி, திறப்பதற்கு 300 டாலர் பெறுமானமுள்ள பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதனால் தொல்லையுற்றது. மே 15 அன்று கேரளத்திலும் வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சி அலுவலகத்தின் கணினிகள் பாதிக்கப்பட்டன. பிறப்புச் சான்றும் வரி ரசீதும் வேண்டி மக்கள் நாடி வரும் இத்தகைய சிறு அலுவலகங்களும் இவ்வகைத் தாக்குதலுக்குத் தப்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்நிரல் பரவிய விதமே நமக்குப் பாடம். விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் 445 என்னும் போர்ட்டின் வழியே அது புகுந்தது. ஒரு கணினியில் புகுந்ததும், இணையத்தில் கண்டபடி முகவரிகளைத் தேடியதோடு, தான் இருந்த தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டிப் பார்த்தது. மனிதர் எவரும் எதையும் திறக்க வேண்டிய தேவையே இல்லை. இக்குறையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகளே இரையாயின.

இப்பொழுது வலியசாலைத் தெருவை மீண்டும் நினைவிற்கொள்வோம். நாற்சந்தியில் வலிமை மிக்க மூன்றாம் அடுக்குத் தீயரண் ஒன்று நிற்கிறது. அது வெளியிலிருந்து வரும் 445 போர்ட் போக்குவரத்தைத் தடுத்துவிடும். ஆனால் வெளியூரில் நோய்வாய்ப்பட்ட ஒரு மடிக்கணினியை யாரோ கையில் கொண்டுவந்து, தெருவின் நடுவீட்டில் இணைத்துவிட்டார் என்போம். அங்கிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் உறைகள் ஸ்விட்ச் வழியே நேராகச் செல்லும். நாற்சந்திக்கு வரவே வாரா. தீயரண் கண் விழித்திருந்தும் ஒன்றையும் காணாது. தெருமுனைக் காவலனைக் குறை கூறிப் பயனில்லை. தீ அவன் பக்கம் வரவில்லை.

இதனின்றும் நாம் அறியும் உண்மை யாதெனில்: தன் வழியே செல்லாத ஒன்றைத் தீயரண் தடுக்க இயலாது, எவை அதன் வழியே செல்லும் என்பதை நிர்ணயிப்பது இடைமுகத்தின் அடுக்கும், அதனை நாம் வைக்கும் இடமுமே.

6. ஒரு பள்ளியின் உதாரணம்

ஒரு பள்ளியில் மாணவர் ஆய்வுக்கூடத்தில் 30 கணினிகளும், அலுவலகத்தில் 5 கணினிகளும், சில கண்காணிப்புக் காமிராக்களும் ஒரே ஸ்விட்சில் இணைக்கப்பட்டுள்ளன என வைத்துக்கொள்வோம். யாவும் 192.168.10 என்னும் ஒரே தெருவில் உள்ளன. இணைய சேவையாளர் வைத்த ரூட்டர் 192.168.10.1. இப்பள்ளிக்கு ஒரு தீயரண் வருகிறது. அதனை வைக்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி: ரூட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே இரண்டாம் அடுக்கு முறையில் வைத்தல். ஒரு கணினியின் முகவரியும் மாறாது. அரைமணி நேரத்தில் வேலை முடியும். இணையத்துக்குச் செல்லும் யாவும் சோதிக்கப்படும். ஆனால் ஆய்வுக்கூடத்துக் கணினி அலுவலகக் கணினியோடு பேசினால் தீயரண் அறியாது.

இரண்டாம் வழி: மூன்றாம் அடுக்கு முறையில் தீயரணையே நுழைவாயிலாக்கி, உள்ளிருப்போரை ஒரே தெருவில் விட்டுவைத்தல். முகவரி மாற்றம், வழிப் பட்டியல் முதலிய வசதிகள் கிட்டும். எனினும் மேற்கூறிய குறை அப்படியே இருக்கும். மூன்றாம் அடுக்கு என்ற பெயராலேயே பாதுகாப்பு மிகும் என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் வழி: தெருவையே மூன்றாகப் பிரித்தல். ஒரே ஸ்விட்சைப் பல தெருக்களாகப் பகுக்கும் விலேன் முறை 1998-இல் தரப்படுத்தப்பட்டது. ஆய்வுக்கூடத்துக்கு 192.168.10, அலுவலகத்துக்கு 192.168.20, காமிராக்களுக்கு 192.168.30 எனத் தனித்தனித் தெருக்களை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தீயரணில் ஒரு மூன்றாம் அடுக்கு இடைமுகத்தைத் தருகிறோம். இனி மாணவர் கணினியிலிருந்து மதிப்பெண் பட்டியல் உள்ள கணினிக்குச் செல்லும் ஒவ்வொரு கடிதமும் நாற்சந்தியைக் கடந்தே ஆகவேண்டும். உழைப்பு மிகுதியெனினும் பெரும்பாலான பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஏற்றது இதுவே.

இங்கும் ஆய்வுக்கூடத்தின் 30 கணினிகள் தமக்குள் பேசுவதைத் தீயரண் காணாது. அதற்கு மருந்து, திருத்தங்களைக் காலத்தே நிறுவுதலும், ஒவ்வொரு கணினியிலும் உள்ள உட்தீயரணை இயக்கி வைத்தலும், இயலுமெனில் ஸ்விட்சிலேயே ஒரு துளையை மறுதுளையினின்று பிரித்து வைத்தலுமாகும்.

இரண்டாம் அடுக்கு முறை சிறந்து விளங்கும் இடம் ஒன்று உண்டு. திருத்தம் பெற இயலாத பழைய கணினி ஒன்று அலுவலகத்தில் இருக்கலாம்; அதன் முகவரியை மாற்றினால் அதனோடு இணைந்த கருவி இயங்காது போகலாம். அதற்கும் ஸ்விட்சுக்கும் நடுவே இரண்டாம் அடுக்குத் தீயரணை வைத்தால், விலாசம் மாறாமலே அவ்வீட்டைச் சுற்றிச் சுவர் எழும்பிவிடும். பழைய கட்டடத் தொழிலாளர் கருதிய தீச்சுவர் இதுவே.

7. வளையம் பற்றிய எச்சரிக்கை

இரண்டாம் அடுக்குத் தீயரணின் இரு கேபிள்களையும் தவறுதலாக ஒரே ஸ்விட்சின் ஒரே விலேனில் செருகினால் வளையம் உண்டாகும். கூவல் உறை ஒன்று அதில் புகுந்தால் சுற்றிச் சுற்றி வரும். மேலுறையில் ஆயுள் எண் இல்லையாதலால் அதற்கு முடிவே இல்லை. சில நொடிகளில் வலையமைப்பு முழுவதும் திணறி நிற்கும். இதனைத் தவிர்க்க, வளையமுள்ள பாதைகளில் ஒன்றைத் தானே அடைத்துவிடும் முறையொன்றை ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் 1985-இல் வகுத்தார். ஸ்பானிங் டிரீ எனப்படும் அம்முறை ஸ்விட்சில் இயங்குகிறதா, அதன் செய்திகளைத் தீயரண் மறிக்காமல் விடுகிறதா என்று கேபிளைச் செருகுமுன் பார்த்துக்கொள்க.

8. களத்தில் கண்டறியும் முறை

முன்னொருவர் அமைத்துச் சென்ற தீயரண் எவ்வகையது என்று அறியப் பின்வரும் இரு சோதனைகள் உதவும்.

முதலாவது: ஒரு கணினியிலிருந்து வெளியே ஏதேனும் முகவரிக்கு டிரேஸ்ரூட் கட்டளையை இயக்குக. மூன்றாம் அடுக்குத் தீயரண், விடையளிக்க அனுமதிக்கப்பட்டிருப்பின், வழியில் ஒரு படியாகத் தோன்றும். இரண்டாம் அடுக்குத் தீயரண் ஆயுள் எண்ணைத் தொடாததால் படியாகத் தோன்றாது.

இரண்டாவது: கணினியின் ஆர்ப் பட்டியலில் நுழைவாயிலுக்கு நேரே உள்ள மேக் முகவரியைப் பார்க்க. அது தீயரணின் மேல் ஒட்டியுள்ள முகவரியோடு பொருந்தினால், தீயரணே நுழைவாயில், மூன்றாம் அடுக்கு. அப்பாலுள்ள ரூட்டரின் முகவரியாக இருந்தால், நடுவே நிற்பது இரண்டாம் அடுக்கு.

தாக்குதல் நேர்ந்துவிட்டால், முதலில் பாதிக்கப்பட்ட கணினியின் கேபிளைக் கழற்றுக. 2004 முதல் இயங்கிவரும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணைப்படி, அரசு நிறுவனங்கள் முதலியவை இத்தகைய நிகழ்ச்சிகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும்; பதிவேடுகளை 180 நாட்கள் காத்துவைக்க வேண்டும்.

9. வகுப்பில் செய்து காட்ட

ஆசிரியர்கள் உபகரணம் ஏதுமின்றியே இதனை விளக்கலாம். பத்து மாணவர்களை ஐவர் ஐவராக இரு வரிசைகளில் நிறுத்துக. ஒவ்வொருவருக்கும் ஒரு விலாச எண் தருக. பதினோராவது மாணவன் காவலன்.

முதலில் காவலனை இரு வரிசைகளுக்கும் நடுவே நிறுத்துக. வரிசை மாறிச் செல்லும் உறையை அவன் பிரித்து, கடிதத்தைப் படித்து, புதிய உறையிலிட்டு, ஆயுள் எண்ணில் ஒன்றைக் குறைத்துக் கொடுக்கட்டும். இது மூன்றாம் அடுக்கு. அடுத்து, ஒரே வரிசையில் இரண்டாமவனுக்கும் மூன்றாமவனுக்கும் நடுவே அவனை நிறுத்துக. பிரிக்காத உறையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே நோக்கி, அதே உறையைக் கடத்தட்டும். இது இரண்டாம் அடுக்கு.

இறுதியாக, காவலனை மீண்டும் இரு வரிசைகளுக்கும் நடுவே நிறுத்தி, ஒரு வரிசைக்குள்ளேயே ஒரு மாணவன் பக்கத்து மாணவனுக்குச் சிவப்புத் தாள் ஒன்றைக் கொடுக்கச் செய்க. தாள் கடைசி மாணவனை அடைந்ததும், 'நீ இதைக் கண்டாயா?' என்று காவலனைக் கேட்க. அவன் தரும் விடையே இப்பாடத்தின் சாரம்.

பயிற்சி வினாக்கள்

1. மூன்றாம் அடுக்கு இடைமுகத்தைக் கடக்கும்பொழுது மேலுறையிலும் கடிதத்திலும் நிகழும் மாற்றங்கள் யாவை?

2. இரண்டாம் அடுக்கில் வளையம் உண்டானால் உறை ஏன் தானே அழிவதில்லை?

3. உங்கள் பள்ளியின் அல்லது அலுவலகத்தின் கணினிகளைத் தாளில் வரைந்து, எவை ஒரே தெருவில் உள்ளன என்று வட்டமிடுக. ஒரு வட்டத்துக்குள் ஒரு கணினி நோய்வாய்ப்பட்டால், தீயரணைக் கடவாமலே எத்தனை கணினிகளை நோய் எட்டக்கூடும்? அவ்வெண்ணைக் குறைக்கும் வழி யாது?